நீடிலைத் தொடுவதற்கு முன்: 3 சிசி நைட்ரோ படகு, எட்டு மாதங்களுக்குப் பிறகு

ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் நைட்ரோ படகு ஒன்றை, அதாவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் மாதிரிப் படகு ஒன்றை, எட்டு மாதங்களாக ஓட்டி வருகிறேன். ஏறத்தாழ 10 லிட்டர் எரிபொருள் இதுவரை அதன் வழியாகப் போயிருக்கிறது. வாங்கிய வாரத்திலேயே மதிப்புரை எழுதியிருந்தால் வேகத்தையும் ஓசையையும் புகழ்ந்துவிட்டு முடித்திருப்பேன். முதல் மாத இறுதியில் எழுதியிருந்தால் எஞ்சினையே குறை சொல்லியிருப்பேன். இரண்டுமே தவறாக இருந்திருக்கும். இந்தப் படகின் எஞ்சின் நல்ல எஞ்சின். அதைச் சுற்றி வைத்திருக்கும் மலிவான பொருள்கள்தாம் அதை நிறுத்துகின்றன. கூடவே வரும் கையேடோ, எந்தக் கோளாறு வந்தாலும் கார்புரேட்டரின் நீடிலை, அதாவது எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை, திருகச் சொல்லி, வாங்கியவரைத் தவறான பக்கமாக அனுப்புகிறது.

தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் கண்டவை ஒரே ஒரு படகில் கண்டவை. அதைக்கொண்டு ஒரு நிறுவனத்தைத் தீர்ப்பது முறையாகாது. மேலும், இதே வகை டாங்க்கும் இதே வகை ஷாஃப்ட்டும் பல படகுகளில் வருவதால், இங்கே சொல்வது வேறு பெயருள்ள படகை வைத்திருப்பவருக்கும் பயன்படும்.

பெட்டியில் வருவது சுமார் 70 செ.மீ. நீளமுள்ள ஃபைபர் படகு, அதில் பொருத்தப்பட்ட 3 சிசி எஞ்சின், புகையை வெளியேற்றும் டியூன்டு பைப், 120 மில்லி எரிபொருள் டாங்க், வளையும் ஷாஃப்ட், இரண்டு சேனல் ரேடியோ, திசை திருப்பும் ரடரையும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலையும் அசைக்கும் இரண்டு சர்வோ. எஞ்சினின் தலைப்பகுதி தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. எரிபொருள், கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைச் சூடாக்கும் இக்னைட்டர், ஓட்டி முடித்தபின் ஊற்றும் எண்ணெய் ஆகிய மூன்றையும் தனியே வாங்க வேண்டும். படகின் உடல் வேலைப்பாட்டில் எனக்குக் குறையில்லை. மேல்மூடி இறுக்கமாகப் பொருந்துகிறது. ரேடியோப் பெட்டிக்குள் ஒருநாளும் தண்ணீர் போகவில்லை.

எஞ்சின் ஏபிசி வகையைச் சேர்ந்தது, அதாவது அலுமினியப் பிஸ்டன், அது ஏறி இறங்கும், உட்புறம் குரோமியம் பூசிய பித்தளைக் கூடான ஸ்லீவ். பிஸ்டனில் வளையம் கிடையாது. ஸ்லீவ் மேலே செல்லச் செல்ல மிக நுண்ணிய அளவில் குறுகுவதால், புது எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகப் பிடிக்கும். கயிற்றை இழுத்துக் கிளப்பும் ஸ்டார்ட்டர் அந்த இடத்தில் சிக்கியதுபோல் நின்றுவிடுவதால், முதன்முதலில் வாங்குபவர் எஞ்சின் பழுதாகவே வந்திருக்கிறது என்று எண்ணிவிடக்கூடும். அது பழுதன்று; நன்றாகச் செய்யப்பட்டதன் அடையாளம். சூடேறும்போது பித்தளை ஸ்லீவ் பிஸ்டனைவிட அதிகம் விரிந்து, ஓடும் வெப்பநிலையில் இரண்டும் சரியான பொருத்தத்துக்கு வந்துவிடும். குளிர்ந்த நிலையில் வலுக்கட்டாயமாகக் கயிற்றை இழுத்தால் கயிறும் அறும், பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் கேடு. முதல் சில டாங்க்குகளுக்கு நான் ஹேர் டிரையரால் எஞ்சினின் தலையைக் கை பொறுக்காத சூடு வரும்வரை சூடாக்கிவிட்டுத்தான் கிளப்பினேன். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எட்டு மாதங்களுக்குப் பிறகும் உச்சியில் அந்தப் பிடிப்பு கணிசமாக மிஞ்சியிருக்கிறது என்பதை எஞ்சினுக்கு நான் தரக்கூடிய மிகச் சிறந்த சான்றாகக் கருதுகிறேன்.

கோளாறுகளுக்குள் போவதற்கு முன், இந்த எஞ்சின் எதை நம்பி ஓடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இதில் பெட்ரோல் எஞ்சினைப் போலக் குறித்த நேரத்தில் பொறி தட்டும் அமைப்பு எதுவும் இல்லை. 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக், அதுவரை மாதிரி எஞ்சின்கள் சுமந்துவந்த காயில், மின்கலம், கான்டாக்ட் பாயிண்ட் ஆகிய பாரத்தை ஒரே அடியில் நீக்கிவிட்டது. பிளாட்டினம் கலந்த ஒரு சிறு கம்பிச் சுருள், தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட்டில் சிவக்கிறது. பிறகு எரிதலின் வெப்பமும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேற்பரப்பில் நிகழ்த்தும் வினையின் வெப்பமும் சேர்ந்து அதைத் தணலாகவே வைத்திருக்கின்றன. எனவே கலவை எப்போது பற்றும் என்பதைப் பிளக்கின் சூடு, கலவையின் அளவு, கம்ப்ரஷன் (கலவை அமுக்கப்படும் அளவு) ஆகியவையே முடிவுசெய்கின்றன. நீடிலைத் திருகும்போது எரிபொருளின் அளவு மட்டுமன்றி, பற்றும் நேரமும் எஞ்சினின் வெப்பமும் சேர்ந்தே மாறுகின்றன. ஒரு திருகு இத்தனை வேலை செய்வதால்தான் எல்லாக் கோளாறுக்கும் அது மருந்துபோலத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. ஒரு பங்கு மெத்தனாலுக்கு ஏறக்குறைய 6.4 பங்கு போதும். தன்னிடமே ஆக்சிஜனை வைத்திருக்கும் நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 பங்குதான். அப்படியென்றால் இந்த எஞ்சின் தன் அளவுக்கு மிக அதிகமாகக் குடிக்கிறது. குழாயில் ஒரு கணம் எரிபொருள் தடைப்பட்டாலும் உடனே தெரியும். இந்தப் படகின் பலவீனம் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது.

முதல் நாள் எஞ்சின் கிளம்பவே இல்லை. அதற்கான காரணம் எளியது. இக்னைட்டரில் போட்டிருந்த பேட்டரி பலமிழந்திருந்தது. பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் மாட்டிப் பார்த்தபோது சுருளில் மங்கிய செம்மைதான் வந்தது. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகு சுருள் முழுதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் சிவந்தது, நான்காவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிளம்பாத எஞ்சினுக்குப் பிளக் சிவக்கிறதா, எரிபொருள் கார்புரேட்டர் வரை வந்திருக்கிறதா, பிஸ்டன் உச்சியில் இறுகுகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இதில் நீண்ட பேச்சுக்கு இடமில்லை.

உண்மையான தொல்லை மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. டாங்க்கை நிரப்பிப் படகை விட்டால் முதல் இரண்டு நிமிடம் குறையே சொல்ல முடியாத ஓட்டம். பைப்பிலிருந்து மெல்லிய வெண்புகைக் கோடு, நேர்ப்பாதையில் சீரான ஒலி. பிறகு ஏதாவது ஒரு திருப்பத்தை முடித்து நேராக்கித் த்ராட்டிலைத் திறக்கும் கணத்தில், எஞ்சின் ஓசை ஒரு நொடி கூர்மையாக மேலே எழும்பி, உடனே அறுந்துவிடும். குளத்தின் நடுவில் படகு அசைந்துகொண்டு நிற்கும். மீட்டுக் கரைக்குக் கொண்டுவந்து கிளப்பினால் முதல் இழுப்பிலேயே ஓடும். கரையில் எத்தனை நேரம் பார்த்தாலும் கோளாறு தலைகாட்டாது.

ஓசை மேலே எழும்பி நிற்பது கலவை லீன் ஆவதன், அதாவது எரிபொருள் குறைந்து காற்று மிகுவதன், அறிகுறி. கலவை ரிச்சாக, அதாவது எரிபொருள் மிகுந்து, இருந்தால் ஓசை கனத்து, இருமி, தடுமாறித்தான் நிற்கும். கழற்றிப் பார்த்த பிளக்கும் அதையே சொன்னது: சுருள் ஈரமின்றிப் பளபளப்பை இழந்து சாம்பல் நிறமாகியிருந்தது. ஆகவே கையேடு சொன்னபடி, இரண்டு நீடில்களில் முழு வேகக் கலவைக்கான உயர்வேக நீடிலைக் கால் சுற்றுத் திறந்தேன். நிறைந்த டாங்க்குடன் படகு இப்போது கனத்த புகையோடு சோம்பலாகப் புறப்பட்டது; இரண்டு நிமிடம் கழித்து அருமையாக ஓடியது; அடுத்த நிமிடத்தில் பழையபடி கூவி நின்றது. இன்னும் அரைக்கால் சுற்றுத் திறந்தால் புறப்படவே மறுத்தது. மூடினால் சீக்கிரமாகவே நின்றது. இப்படியே இரண்டு வாரம் கழிந்தது. ஒரே டாங்க்கின் தொடக்கத்தில் ரிச்சாகவும் முடிவில் லீனாகவும் நடந்துகொள்ளும் எஞ்சினுக்கு எந்த ஒற்றை நீடில் நிலையும் பொருந்தாது என்பதை அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். கோளாறு எரிபொருளின் மட்டத்தோடு சேர்ந்து நகர்ந்தது என்றால், அது நீடிலில் இருக்க வாய்ப்பில்லை.

நீடிலை முதலில் இருந்த இரண்டரைச் சுற்றுக்கே கொண்டுவந்து, அதைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்து, டாங்க்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். பைப்பிலிருந்து டாங்க்குக்கு அழுத்தம் கொண்டுவரும் சிறு முனையில் கரி அடைத்திருக்கிறதா என்று ஊசி விட்டுப் பார்த்தேன்; தூய்மையாக இருந்தது. பைப்பையும் எஞ்சினையும் இணைக்கும் சிலிக்கான் கப்ளரில் கிழிசல் இல்லை. கார்புரேட்டரின் அடியிலுள்ள ஓ-ரிங்கை மாற்றினேன். அதன் வழியே திருட்டுக் காற்று புகுந்தாலும் இதே போன்ற கூச்சல் வரும். எஞ்சினின் பின்மூடித் திருகுகளை இறுக்கினேன். டாங்க்கைக் கழற்றி, ஒரு குழாயை மடித்துக் கட்டி, மற்றொன்றின் வழியே ஊதித் தண்ணீருக்குள் அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. டாங்க் நல்லது என்று அதை ஓரமாக வைத்துவிட்டேன். அந்தச் சோதனை என்னை மேலும் ஒரு வாரம் அலைக்கழித்தது.

படகோடு வந்த எரிபொருள் குழாய் அடர்ந்த நீல நிறம். உள்ளே என்ன ஓடுகிறது என்பது தெரியாது. இது மிகச் சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் தயாரிப்பாளர் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுதான். கண்ணாடி போன்ற சிலிக்கான் குழாயை மாட்டியிருந்தால், அந்த மூன்று வாரமும் எனக்கு மிஞ்சியிருக்கும். குழாயை மாற்றிவிட்டு, பாதி டாங்க்கோடு படகை ஸ்டாண்டில் வைத்து, தண்ணீர் ஏறும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே, ஐடிலிங்குக்குச் சற்று மேலே எஞ்சினை ஓடவிட்டேன். ப்ரொப்பெல்லருக்குத் தண்ணீரின் எதிர்ப்பு இல்லாதபோது எஞ்சின் கட்டுமீறிச் சுற்றும் என்பதால் இதைச் சில விநாடிகளுக்கு மேல் செய்யக்கூடாது; கையும் முகமும் ப்ரொப்பெல்லரின் சுற்றுவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். படகு மட்டமாக இருந்தவரை குழாயில் எரிபொருள் ஒரே தூணாக ஓடியது. வேகமெடுக்கும்போது இருப்பதுபோல மூக்கைத் தூக்கிப் பிடித்தேன். கடுகளவு குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, மணிச்சரம் போலக் கார்புரேட்டரை நோக்கி நகர்ந்தன. எஞ்சின் கூவியது. த்ராட்டிலை மூடிக் குழாயைக் கிள்ளி எஞ்சினை நிறுத்தினேன்.

டாங்க்கின் ரப்பர் அடைப்பானை உருவி வெளியே எடுத்தேன். டாங்க்குக்குள்ளே, அடைப்பானின் பித்தளை முனையில் மாட்டி, மறுமுனையில் ஒரு சிறு எடையைத் தாங்கி, எரிபொருள் எங்கே சாய்கிறதோ அங்கே விழுந்து உறிஞ்சும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. பார்வைக்கு அதில் குறையே இல்லை. விரலால் இலேசாக வளைத்தபோது, பித்தளை முனையை ஒட்டி, அந்த முனையின் கூரிய விளிம்பே அறுத்த கீறல் ஒன்று மீனின் வாய்போலத் திறந்துகொண்டது. நீளம் 2 மி.மீ. கூட இராது. குழாயை நேராக்கினால் தடம் தெரியாமல் மூடிக்கொண்டது.

அத்தனை அறிகுறிகளும் அந்தக் கீறலில் வந்து சேர்ந்தன. டாங்க் நிறைந்திருக்கும்போது கீறல் எரிபொருளுக்குள் மூழ்கியிருக்கும். அதன் வழியாக உறிஞ்சினாலும் எரிபொருளே வரும். மட்டம் குறைந்ததும், த்ராட்டிலைத் திறந்து படகு முன்னே பாயும்போது எரிபொருள் டாங்க்கின் பின்பக்கம் ஒதுங்க, முன்பக்கத்தில் இருந்த கீறல் வெளியே தெரிந்து, பைப்பின் அழுத்தத்தில் இருக்கும் வாயுவை நேராகக் குழாய்க்குள் விட்டுவிடும். எனவேதான் திருப்பம் முடிந்து வேகமெடுக்கும் கணத்தில் நின்றது. எனவேதான் கரையில் மட்டமாக வைத்தபோது ஓடியது. தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்த சோதனையில் அகப்படாததற்கும் விளக்கம் கிடைத்தது: கசிவு டாங்க்குக்கு உள்ளேயே நடக்கிறது, வெளியே வர அதற்கு வழியில்லை. டாங்க்கை அடைப்பானை உருவிப் பார்க்காமல் நல்லது என்று சொல்லிவிடக்கூடாது என்பதை இந்தப் படகில்தான் கற்றேன். பித்தளை முனையின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்கி, புதுக் குழாயை மாட்டினேன். நீடில் அதே இரண்டரைச் சுற்றில் இருக்க, டாங்க் வற்றும்வரை படகு ஓடியது. பிறகு அரைக்கால் சுற்று மூடினேன். இன்றுவரை ஏறத்தாழ அந்த நிலையில்தான் வைத்திருக்கிறேன்.

கையேட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அதன் கோளாறு அட்டவணையில் பதினோரு அறிகுறிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பதுக்கு நீடிலைத் திற அல்லது மூடு என்பதே தீர்வு. இது பொறுப்பற்ற அறிவுரை என்று வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். நேற்றுவரை ஒரே நீடில் நிலையில் நன்றாக ஓடிய எஞ்சின் இன்று ஓடவில்லை என்றால், நீடில் தானாகத் திரும்பிவிடவில்லை; வேறு ஏதோ மாறியிருக்கிறது. வெயிலும் ஈரப்பதமும் மாறும்போது அரைக்கால் சுற்று வேண்டியிருப்பது இயல்பு. கால் சுற்றுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் கையை எடுத்துவிட்டுக் குழாயையும் டாங்க்கையும் பார்க்க வேண்டும். லீனாக ஓடும் எஞ்சினை நீடிலால் சமாளித்து ஓட்டிக்கொண்டே இருந்தால், சூடு தாங்காமல் பிளக்கின் சுருள் அறுந்து, முடிவில் பிஸ்டனின் பிடிப்பே போய்விடும். அதன் பிறகு எந்தத் திருகும் உதவாது.

ஷாஃப்ட்டிலும் எனக்கு ஒரு குறை உண்டு. எஞ்சினின் சுழற்சியைப் ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோவது பித்தளைக் குழாய்க்குள் ஓடும் முறுக்குக் கம்பி. பாரம் ஏறும்போது இந்தக் கம்பி இறுக முறுக்கிக்கொண்டு நீளத்தில் சற்றுக் குறுகும். அதற்கு இடம் தரும் வகையில், ப்ரொப்பெல்லருக்கு முன்னாலுள்ள பிடிப்புக்கும் ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். என் படகு அப்படியொரு இடைவெளியே இல்லாமல் வந்தது. முழு வேகத்தில் கம்பி குறுகும்போது பிடிப்பு ஸ்ட்ரட்டோடு உராய்ந்து பிரேக் போட்டதுபோல் ஆகிவிட, எஞ்சின் நேர்ப்பாதையின் பாதியில் மூச்சு வாங்குவதாகத் தோன்றியது. இதற்கும் கையேட்டைக் கேட்டால் நீடில் என்றே சொல்லியிருக்கும். ஸ்ட்ரட்டின் முகத்தில் வட்டமாகத் தேய்ந்த பளபளப்பைக் கண்டபோதுதான் விஷயம் விளங்கியது. 3 மி.மீ. இடைவெளி விட்டு, கம்பியைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டை இறுக்கியதும் சரியாயிற்று. கம்பியை ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் உருவித் துடைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸ் பூசி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி ஒருநாள் முழு வேகத்தில் அறும்.

குளிர்விப்பில் அமைப்பு நல்லது, பொருத்திய விதம் சுமார். ரடரிலுள்ள சிறு துளை வழியே தண்ணீர் ஏறி, எஞ்சினின் தலையைச் சுற்றிவந்து, பக்கவாட்டில் வெளியேறுகிறது. தண்ணீரை ஏற்றுவதற்குப் பம்ப் எதுவும் இல்லை. படகின் ஓட்டமே ஏற்றுகிறது. ஆகவே கரையோரம் படகை நிறுத்திக்கொண்டு நீண்டநேரம் ஐடிலிங்கில் விட்டால் எஞ்சினுக்குத் தண்ணீரே கிடையாது. ஒருமுறை பாசி அடைத்தது; மற்றொரு முறை மேல்மூடியின் விளிம்பில் குழாய் நசுங்கியிருந்தது. இரண்டு முறையும், படகு கடந்துபோகும்போது பக்கவாட்டில் தெறிக்க வேண்டிய தண்ணீர்த் தாரை மெலிந்திருந்ததைக் கண்டுதான் அறிந்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் படகை விடுவதற்கு முன் அந்தக் குழாயில் வாயால் ஊதிப் பார்த்துவிடுகிறேன். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் தலையின் வெளிப்புறச் சூட்டை அளந்து கலவையை முடிவுசெய்ய முடியாது. உள்ளே லீனாக வெந்துகொண்டிருந்தாலும் வெளியே இதமாகவே இருக்கும். ஓசையும் புகையும் பிளக்கின் சுருளுமே நம்பத்தக்கவை. வெளியேறும் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

கார்புரேட்டர் எனக்குப் பிடித்திருக்கிறது. நீடில்களின் திருகு இழைகள் நெருக்கமாக வெட்டப்பட்டிருப்பதால் அரைக்கால் சுற்றின் வேறுபாடுகூடத் தெளிவாகத் தெரிகிறது. குறைவேக நீடிலுக்குப் பழைய சோதனையே சிறந்தது: எஞ்சின் சூடேறிய பிறகு ஐடிலிங்கில் விட்டு, கார்புரேட்டர் அருகே எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு விநாடி அதே சுருதியில் ஓடி, பிறகு சற்று வேகம் கூடி நின்றால் சரி. கிள்ளிய உடனே நின்றால் லீன்; நெடுநேரம் ஓடி வேகம் மிகக் கூடினால் ரிச். உயர்வேக நீடிலைச் சரிசெய்த பிறகே இதற்கு வர வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் கெட்டுவிடும்.

ஐந்தாம் மாதத்தில், வேறொரு படகு எழுப்பிய அலையில் ஏறி என் படகு முழு வேகத்தில் கவிழ்ந்தது. எஞ்சின் தண்ணீரைக் குடித்து அப்படியே நின்றது. மீட்டபோது கயிறு ஒரு விரற்கடைக்கு மேல் வரவில்லை. தண்ணீர் அமுங்காத பொருள். சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பலம் கொண்டமட்டும் இழுத்தால், பிஸ்டன் ஏற வழியின்றிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, படகைத் தலைகீழாகப் பிடித்து, மெதுவாகக் கயிற்றை இழுத்து, துளை வழியே தண்ணீர் முழுவதும் தெறித்து வெளியேறும்வரை சுற்றினேன். பைப்பைக் கழற்றி அதிலிருந்ததையும் கொட்டினேன். டாங்க்கிலிருந்த எரிபொருளை மாற்றினேன். பிறகு சிறிது புது எரிபொருளைக் கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் விட்டுச் சுற்றி, மீண்டும் கொட்டி, புதுப் பிளக் போட்டேன். ஆறாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. உடனே ஒரு முழு டாங்க் ஓட்டி, உள்ளே மிஞ்சிய ஈரத்தை அந்தச் சூட்டிலேயே போக்கினேன். அதே மாலை வீட்டில் எண்ணெய் ஊற்றி வைத்தேன். பேரிங்குகள் இன்றும் கரகரப்பின்றிச் சுற்றுகின்றன. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் என்றேனும் நேரப்போகும் இந்த விபத்தைப் பற்றிக் கையேடு வாய் திறக்கவில்லை என்பதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

கவிழாத நாளிலும் எண்ணெய் ஊற்றுவது கட்டாயம். நைட்ரோமீத்தேன் எரியும்போது உண்டாகும் அமிலத்தன்மையுள்ள கழிவும், மெத்தனால் காற்றிலிருந்து உறிஞ்சிவைத்த ஈரமும் சேர்ந்து எஃகுப் பேரிங்குகளை ஒரே இரவில் அரிக்கத் தொடங்கிவிடும். டாங்க்கைக் காலிசெய்து, குழாயில் மிஞ்சியதும் எரிந்து தீரும்படி ஓடவிட்டு, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றிவைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். எரிபொருள் டப்பாவின் மூடியைத் திறந்தபடியே வைத்துவிட்டு ஓட்டப்போகும் பழக்கத்தையும் விட வேண்டும். ஈரம் ஏறிய எரிபொருள் ஏற்படுத்தும் தடுமாற்றத்துக்கு விடை எந்தத் திருகிலும் கிடையாது. நான் பயன்படுத்துவது 20 விழுக்காடு நைட்ரோ கலந்தது. அதைவிடக் கூடுதலாகப் போக விரும்புபவர் தலைக்கு அடியிலுள்ள ஷிம் தகடுகளின் கனத்தையும் கூட்டிக் கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

மெத்தனால் நஞ்சு, தோல் வழியாகவும் உடலில் சேரும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கரையில் ஊற்றும்போது சிந்திய இடத்துக்கு அருகில் இக்னைட்டரைக் கொண்டுபோக வேண்டாம். குழந்தைகளோடு ஓட்டுபவர்கள் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

ரேடியோ போதுமானது. சிக்னல் போனால் த்ராட்டில் தானாக மூடிக்கொள்ளும் வசதி ரிசீவரில் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது அமைக்கப்பட்டிருப்பதில்லை. எஞ்சின் ஓடாத நிலையில், த்ராட்டிலைத் திறந்துவைத்து டிரான்ஸ்மிட்டரை அணைத்து, சர்வோ மூடும் பக்கம் போகிறதா என்று பார்த்துவிட்டே முதல்முறை தண்ணீரில் விட வேண்டும்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: முதல் டாங்க்கை ஊற்றுவதற்கு முன்பே டாங்க்கின் உட்குழாயையும் வெளிக்குழாய்களையும் மாற்றிவிட வேண்டும், பித்தளை முனைகளின் விளிம்புகளை மழுக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இடைவெளியைப் பார்த்துவிட வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை இது. எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் படகின் உடலுக்கும் ஐந்துக்கு நாலரை தருகிறேன். டாங்க்கும் குழாய்களும் ஒன்றரைக்கு மேல் தகுதியற்றவை. கையேட்டுக்கு மதிப்பெண் தரவில்லை. புதிதாகப் போட்ட உட்குழாய் ஐந்தாம் மாதத்தில் சற்று விறைத்துவிட்டதைக் கண்டு மறுபடியும் மாற்றினேன். மெத்தனாலில் ஊறிக் கிடப்பதற்கு அதுவே அதன் ஆயுள் போலும். அடுத்ததையும் நறுக்கிப் படகுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.